நல்லவர்கள் குடியிருக்கும் மேடு

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு பத்திரிகையின் விசேஷ இதழுக்காக அயர்லாந்துப் பழங்கதை ஒன்றைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். இங்கிலீஷ் புஸ்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு இரவுகளில் முடித்த காரியம். 'ஃபேரி' என்று வந்த இடத்திலெல்லாம் தேவதை என்று போட்டேன். அவர்கள் வசிக்கிற இடத்தைத் தேவலோகம் என்றேன். சாவுக்கு முன்னால் வந்து அழுகிற பெண் ஒருத்தி கதையில் இருந்தாள். அவளை மோகினிப் பிசாசு ஆக்கினேன். கதை அச்சில் வந்தது. நாலு பேர் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். ஐந்தாவதாக ஒரு தபால் கார்டு வந்தது. எழுதியவர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். 'உங்கள் தேவர்கள் ஏன் ஐயா மண்ணுக்கு அடியில் இருக்கிறார்கள்? தேவலோகத்துக்குள் போகிறவன் ஏன் குனிந்து நுழைகிறான்?' இவ்வளவுதான் கேட்டிருந்தார்.

நான் பதில் எழுதவில்லை. எழுதத் தெரியவில்லை என்பதுதான் வாஸ்தவம். மூலத்தில் கதாநாயகன் குனிந்து நுழைந்தான். நானும் அவனைக் குனிய வைத்தேன். ஏன் என்று யோசிக்கவில்லை. அந்தக் கார்டு என் மேஜை டிராயரில் வெகுநாள் கிடந்தது. அயர்லாந்து, வேல்ஸ் தேசத்துக் கதைகளை நான் மறுபடியும் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்ததற்கு அதுதான் காரணம். படித்ததில் எனக்கு ஏற்பட்ட முடிவு இது: கெல்ட் கதைகள் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறவற்றை ரசிக்கப் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் தேவையில்லை. ஏழெட்டுச் சொற்கள் தெரிந்தால் போதும். தெரியாமல் போனால், ஆயிரம் பக்கம் படித்தாலும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் வருகிற சிறகு முளைத்த குட்டிப் பெண்களைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது.

முதல் சொல் 'ஷீ'. பழைய ஐரிஷ் பாஷையில் அதற்கு மேடு என்று அர்த்தம். புல் மூடிய, உள்ளே இடமுள்ள மண் மேடு. பாயின் நதிக்கரையில் நியூகிரேஞ்ச் என்ற இடத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. சுமார் 5,200 வருஷங்களுக்கு முன்னால் கட்டினார்கள். எகிப்தின் பெரிய பிரமிடுகளைவிடப் பழையது. குறுகலான கல் நடை ஒன்றின் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். வாசலுக்கு மேலே ஒரு சின்னத் திறப்பு. டிசம்பர் மாதத்தில், வருஷத்தின் மிகக் குறுகிய பகல் விடிகிறபோது, அந்தத் திறப்பின் வழியாகச் சூரிய ஒளி நுழைந்து உள்ளறை வரைக்கும் போகிறது. அங்கே அகழ்வாராய்ச்சி நடத்திய பேராசிரியர் ஓ கெல்லி 1967இல் இதை நேரில் பார்த்தார்.

மேட்டைக் கட்டியவர்கள் யார் என்பதைப் பிற்காலத்து ஐரிஷ் ஜனங்கள் மறந்துவிட்டார்கள். ஆனால் உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்பதை மறக்கவில்லை. தூவா டே டானன் என்ற பழைய தெய்வ ஜாதியார் மனிதர்களிடம் மேல்நாட்டை விட்டுக்கொடுத்து மேடுகளுக்குள் போய்விட்டார்கள் என்று கதை கட்டினார்கள். மேட்டின் பெயரே அதற்குள் இருப்பவர்களுக்கும் பெயராயிற்று. வாத்தியார் கேள்விக்குப் பதில் இந்தச் சொல்லிலேயே இருந்திருக்கிறது. நம் தேவர்களைப் போல அவர்கள் மேலே இருப்பவர்கள் அல்ல. காலடியில் இருப்பவர்கள். பக்கத்து வயலில், அடுத்த வேலிக்கு அப்பால் இருப்பவர்கள். குனிந்துதான் நுழைய வேண்டும்.

இந்த மேட்டைப் பற்றியே ஒரு சிறு கதை உண்டு. தெய்வங்களுக்குள் பெரியவனான தாக்தா மேடுகளைப் பங்கு போட்டுக் கொடுத்தபோது ஏங்கஸ் என்ற இளைஞன் ஊரில் இல்லை. அவனுக்குப் பங்கு கிடைக்கவில்லை. திரும்பி வந்து கேட்டான். உனக்கென்று எதுவும் மிச்சமில்லை என்றான் தாக்தா. அப்படியானால் நியூகிரேஞ்ச் மேட்டில் பகலும் இரவும் எனக்குக் கொடு என்றான் பையன். ஒரு நாள்தானே என்று கொடுத்தான். கெடு முடிந்து காலி செய்யச் சொன்னபோது ஏங்கஸ், உலகமே பகலும் இரவும்தானே, அதைத்தான் எனக்குக் கொடுத்தீர்கள் என்று சொல்லி மேட்டைத் தனதாக்கிக்கொண்டான். வேறொரு வடிவத்தில் ஏமாந்தவன் வேறு ஆள், தந்திரம் அதேதான்.

இங்கிலீஷில் இந்தக் கதையைப் படிக்கிறவன் சற்றுத் தடுமாறுவான். 'ஒரு பகல், ஒரு இரவு' என்று மொழிபெயர்த்தால் தந்திரம் கெட்டுவிடும். 'ஒரு' இல்லாமல் மொழிபெயர்த்தால் கேட்டவன் முட்டாளாகத் தெரிவான். மொழிபெயர்ப்பாளர் அடியில் ஒரு குறிப்புப் போட்டுத் தப்பித்துக்கொள்கிறார். பழைய ஐரிஷில் இங்கிலீஷின் 'ஏ' போன்ற சொல் கிடையாது. தமிழிலும் கிடையாது. 'பகலும் இரவும் கொடு' என்றால் நமக்கு ஒரு நாளும் ஆகும், எல்லா நாளும் ஆகும். கதை எந்தச் சேதமும் இல்லாமல் நம் பாஷைக்கு வந்துவிடுகிறது. இங்கிலீஷ் வழியாகத்தான் எல்லாம் நமக்கு வர வேண்டியிருக்கிறது என்பது நிஜம். ஆனால் இங்கிலீஷ் தடுக்கி விழுந்த இடத்தில் எல்லாம் நாமும் விழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இரண்டாவது சொல், சொல் என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு ஜாக்கிரதை. மேட்டில் இருப்பவர்களை ஐரிஷ் கிராமத்து ஜனங்கள் நேராகப் பெயர் சொல்லிக் குறிப்பிட மாட்டார்கள். 'நல்லவர்கள்' என்பார்கள். வேல்ஸிலும் இப்படியேதான், அங்கே அவர்கள் 'அழகிய குடும்பத்தார்'. இதைப் படித்துவிட்டு, அவர்கள் நல்லவர்கள் போலிருக்கிறது என்று நினைக்கிற இங்கிலீஷ் வாசகன் பாவம். நமக்கு விளக்கம் தேவையில்லை. படம் எடுக்கிற பாம்பை நல்ல பாம்பு என்று சொல்லும் ஊர்க்காரர்கள் நாம். வைசூரி கண்ட வீட்டில் அம்மை வந்திருக்கிறாள் என்று தாழ்ந்த குரலில் சொன்னவர்கள். பயம் மரியாதையாகப் பேசுகிற பாஷை நமக்குப் பழக்கமானது.

இந்தப் பயத்தைத்தான் 'ஃபேரி' என்ற சொல் உறிஞ்சி எடுத்துவிட்டது. 1825இல் கிராஃப்டன் க்ரோக்கர் ஐரிஷ் கிராமக் கதைகளைத் திரட்டி லண்டனில் வெளியிட்ட காலத்திலிருந்து இது நடக்கிறது. பிறகு 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். மேலும் பத்து லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். ஐரிஷ் பேசிய ஏழைகளுக்குத்தான் அடி பலமாக விழுந்தது. கதை சொன்ன வாய்கள் குறைந்தன. மிஞ்சிய கதைகள் இங்கிலீஷ் உடையில் வரவேற்பறைக்கு வந்து சேர்ந்தன.

கவி யேட்ஸ் மீது எனக்குப் பக்தி உண்டு. இருந்தாலும் இந்த இடத்தில் அவரோடு எனக்கு வழக்கு இருக்கிறது. ஐரிஷ் பாஷை அவருக்குக் கைவரவில்லை. 1894இல் லண்டனில் அவருடைய நாடகம் ஒன்று மேடையேறியது. புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி. வீட்டு வேலையிலும் மாமியார் வார்த்தையிலும் அலுத்துப் போனவள். மேட்டுக்காரக் குழந்தை ஒன்று வந்து அழைக்கிறது. அவள் உயிர் போகிறது. எல்லாம் வெகு அழகு. சாவுகூட ஓர் இனிய ஏக்கமாகிவிடுகிறது.

அடுத்த வருஷம், 1895 மார்ச் மாதம், டிப்பெரேரி மாவட்டத்தில் பாலிவட்லி என்ற கிராமத்தில் பிரிட்ஜெட் கிளியரி என்ற 26 வயதுப் பெண்ணைப் புருஷன் எரித்துக் கொன்றான். அவள் தையல்காரி, அவன் மரப் பீப்பாய் செய்கிறவன். குழந்தை இல்லை. அவளுக்குக் காய்ச்சல் கண்டது. படுக்கையில் கிடப்பவள் தன் மனைவி அல்ல, மேட்டுக்காரர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போய் அவளைப் போலவே ஒன்றை வைத்துவிட்டார்கள் என்று அவன் சொன்னான். பாலில் மூலிகை காய்ச்சி வலுக்கட்டாயமாகப் புகட்டினார்கள். பெற்ற தகப்பனும் உறவுக்காரர்களும் வீட்டில்தான் இருந்தார்கள். பிறகு அவன் பக்கத்து மேட்டில் போய்க் காத்திருந்தான். நிஜமான மனைவி வெள்ளைக் குதிரையில் வருவாள், கட்டை அறுத்து மீட்டுவிடலாம் என்றான். கோர்ட்டில் அது கொலைக்குறைவான குற்றம் என்று தீர்ப்பாயிற்று. 15 வருஷம் சிறையில் இருந்தான்.

ஆஞ்சலா பர்க் என்ற ஐரிஷ் அறிஞர் 1999இல் இதைப் பற்றி ஓர் அருமையான புஸ்தகம் எழுதினார். மூட நம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் அவர் முடித்துவிடவில்லை. தன் சம்பாத்தியத்தில் நிமிர்ந்து நின்ற பெண், பிள்ளையில்லாத வீடு, புருஷனின் மனத்தாங்கல், உறவுக்காரர்களின் பொறாமை இவற்றையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல அந்த ஜனங்களிடம் வேறு பாஷை இல்லை. மேட்டுக் கதைதான் அவர்களுடைய பாஷை என்று காட்டுகிறார். 'அவள் மாறிப்போய்விட்டாள்' என்று எந்தப் புருஷனும் சொல்லக்கூடும். அந்த ஊரில் அதற்கு நேர் அர்த்தமும் இருந்தது. லண்டன் பத்திரிகைகளோ, இப்படிப்பட்ட ஜனங்களுக்கு சுயாட்சி ஒரு கேடா என்று எழுதின. யேட்ஸின் நாடகத்தையும் இந்த வழக்கையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். விஷயம் ஒன்றுதான். நாடகத்தில் அந்தச் சொல்லுக்கு எடையே இல்லை. வழக்கில் அது ஓர் உயிரின் எடை. தேவதை என்று எழுதின நானும் நாடகத்தின் பக்கத்தில்தான் நின்றிருக்கிறேன்.

மோகினி விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சொல் 'பான் ஷீ'. பான் என்றால் பெண்; மேட்டுப் பெண். அவள் யாரையும் மயக்குகிறதில்லை, கொல்லுகிறதுமில்லை. பழங்குடி வீடுகள் சிலவற்றுக்குச் சொந்தமானவள். அந்த வீட்டில் சாவு விழப்போகிறது என்றால், அது எவ்வளவு தூர தேசத்தில் என்றாலும், அவள் வந்து அழுவாள். அவ்வளவுதான் அவள் வேலை. நமக்குத் தெரிந்த சொற்களில் சொன்னால் ஒப்பாரி வைக்க வருகிற குலத்துப் பெண். அவளைப் பிசாசு என்பது, துக்கத்துக்கு வந்தவளைத் திருடி என்பது போல. என் கதையில் நான் செய்தது அதுதான்.

இனி வருகிற சொல்லை மொழிபெயர்க்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. 'கெஷ்' என்பது அது. ஒரு வீரனுக்கு, ஓர் அரசனுக்கு, இன்னது செய்யக்கூடாது என்று விதிக்கப்படுகிற கட்டு. சாபம் என்று எழுதிப் பார்த்தேன். சாபத்துக்கு ஒரு குற்றம் முன்னால் வேண்டும். கெஷ்ஷுக்குக் குற்றம் தேவையில்லை. சபதம் என்று எழுதினேன். பீஷ்மர் தாமே எடுத்தது சபதம். கெஷ்ஷை அநேகமாகப் பிறர்தான் சுமத்துகிறார்கள். விரதம் என்றால் பலன் வந்துவிடுகிறது. விதி என்றால், மீற வழியில்லை. கெஷ்ஷை மீறலாம். மீறுகிறபோதுதான் கதை முடிகிறது.

கூஹுலின் என்ற வீரன் சிறுவயதில் கூலன் என்ற கொல்லனுடைய காவல் நாயைக் கொன்றுவிட்டு, அதற்குப் பதிலாகத் தானே காவல் இருப்பதாக ஒப்புக்கொண்டான். அன்றைக்கு வந்த பெயர்தான் கூஹுலின், கூலனின் நாய். ஆகவே நாய் மாமிசம் தின்னக்கூடாது என்பது அவனுக்குக் கெஷ். கடைசிப் போருக்குப் போகிற வழியில் மூன்று கிழவிகள் அடுப்பு மூட்டி நாய்க்கறி வாட்டிக்கொண்டிருக்கிறார்கள். சாப்பிட்டுப் போகச் சொல்கிறார்கள். அவன் விலகிப் போகப் பார்க்கிறான். பெரிய விருந்தாயிருந்தால் நின்றிருப்பாய், ஏழைகள் கொடுப்பது உனக்கு இளப்பம் என்கிறார்கள். அவன் வாங்கித் தின்கிறான். வாங்கின கை வலுவிழக்கிறது.

பிற்காலத்தில் இந்தக் கதையைச் சொல்கிற பலர், விருந்தை மறுக்கக்கூடாது என்று இன்னொரு கெஷ்ஷும் அவனுக்கு இருந்ததாகவும், இரண்டுக்கும் நடுவில் அவன் மாட்டிக்கொண்டதாகவும் எழுதுகிறார்கள். கணக்கு சரியாக இருக்கிறது. ஆனால் பழைய ஏட்டில் அப்படி இல்லை. சமையல் அடுப்பண்டை போய்ச் சாப்பிடக்கூடாது என்பதே அங்கே அவனுக்கு இன்னொரு தடை. இரண்டு தடைகளும் ஒரே பக்கம் இழுக்கின்றன. அவனை மறுபக்கம் இழுத்தது கிழவிகளின் ஒரு வார்த்தை. எளியவர்களை அவமதித்தான் என்ற பெயர் வேண்டாம் என்று தெரிந்தே உயிரை விடுகிறான். பழைய கதாசிரியன் மனிதனுடைய வெட்கத்தை நம்பினான்; புதியவர்களுக்குச் சட்டப் பிரிவு தேவைப்படுகிறது. நாவல் எழுதுகிற எனக்கு எது உசத்தி என்பதில் சந்தேகமில்லை. கெஷ்ஷை நான் இப்போது கெஷ் என்றே எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் தமிழில் சொல் இருக்கிறது என்பது தேசபக்தியாக இருக்கலாம்; இலக்கிய நேர்மை ஆகாது.

மறுபக்கமும் உண்டு. இங்கிலீஷ் திணறுகிற சில சொற்களுக்கு நம்மிடம் தயாராகவே சொல் காத்துக்கொண்டிருக்கிறது. பழைய ஐரிஷ் புலவர்கள் கதைகளை விஷயத்தைக் கொண்டு வகைப்படுத்தினார்கள். பெண் கேட்டல், கடற்பயணம், கோட்டை அழித்தல், சாவு என்று. அதில் ஒரு வகை 'டாயின்', மாடு பிடிக்கப் போகும் படை. கூஹுலினின் பெருங்கதையே ஒரு காளைக்காக நடந்த டாயின்தான். மாட்டுக்காகவா இவ்வளவு சண்டை என்று இங்கிலீஷ் வாசகன் புன்னகை செய்கிறான். தொல்காப்பியம் புறத்திணையை வெட்சியில், ஆநிரை கவர்தலில்தான் தொடங்குகிறது என்று தெரிந்த நமக்குச் சிரிப்பு வராது.

அங்கே புலவனுக்கு 'ஃபிலி' என்று பெயர். காண்பவன் என்பது அதன் அடிப்பொருள். ஏழு படிகள் உண்டு. பாணனைப் போன்ற 'பார்ட்' அவனுக்குக் கீழே. ஃபிலி கோபித்துப் பாடினால் ராஜாவின் முகத்தில் கொப்புளம் எழும் என்று நம்பினார்கள். ப்ரெஸ் என்ற அரசன், வந்த புலவனை இருட்டு அறையில் உட்கார வைத்துக் காய்ந்த அப்பம் மூன்றைப் போட்டான், புலவன் பாடினான், ராஜ்யம் போயிற்று. இங்கிலீஷில் இதை 'ஸடையர்' என்கிறார்கள். நாமும் நையாண்டி என்று எழுதித் தொலைக்கப் போகிறோமா? அறம் பாடினான் என்று எழுதினால் தமிழனுக்கு முதுகு சில்லிடும்.

இந்த ஒற்றுமைகளை வைத்துக்கொண்டு ஐரிஷ்காரர்களும் நாமும் ஒரே வம்சம் என்று கிளம்பிவிட வேண்டாம். மாடு செல்வமாகவும் புகழ் உயிராகவும் இருந்த சமூகங்களில் இப்படிச் சொற்கள் தோன்றும், அவ்வளவே. நம் வீரயுகப் பாடல்களைக் கிரேக்கப் பாடல்களோடு ஒப்பிட்டு 1968இல் நூல் வெளியிட்ட இலங்கைப் பேராசிரியர் கைலாசபதி பர்மிங்ஹாமில் ஜார்ஜ் தாம்ஸனிடம் ஆராய்ச்சி செய்தவர். அந்தத் தாம்ஸன் வெறும் கிரேக்கப் பண்டிதர் மட்டுமல்ல. 1923இல் ப்ளாஸ்கட் தீவுக்குப் போய் மீனவர்களிடம் ஐரிஷ் கற்றவர். அத்தீவின் இளைஞர் ஒருவர் எழுதிய சுயசரிதத்தை 1933இல் இன்னொருவரோடு சேர்ந்து இங்கிலீஷில் தந்தவர். வாய்மொழிக் கவிதை எப்படி உயிர் வாழ்கிறது என்பதை அவர் ஏட்டில் மட்டும் படித்தவர் அல்ல. அந்தத் தீவு 1953இல் காலியாகிவிட்டது.

சொல்லின் தூய்மை பற்றியும் அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு தங்கக் குடத்தைக் காக்கிற 'லெப்ரகான்' குள்ளன்தான் அயர்லாந்தின் முத்திரை என்று உலகமே நம்புகிறது. பழைய கதையில் அவனிடம் தங்கமும் இல்லை, குடமும் இல்லை. தூங்குகிற ராஜாவைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிற நீர்வாசி அவன். 2019இல் பழைய ஐரிஷ் அகராதியைத் திருத்திய கேம்பிரிட்ஜ், பெல்ஃபாஸ்ட் அறிஞர்கள் அந்தப் பெயரே ரோமாபுரியின் லூபர்கி என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். 'கெல்ட்' என்ற பெயரைக்கூட இந்தப் பாஷைகளுக்கு 1707இல் எட்வர்டு லூயிட் என்ற வேல்ஸ் அறிஞர்தான் நிலைநாட்டினார். இந்தக் கதைகளைச் சொன்னவர்களுக்குத் தாங்கள் கெல்ட்டுகள் என்று தெரியாது.

எந்தப் புஸ்தகத்தைப் படிப்பது என்று வாசகர்கள் கேட்கலாம். லேடி கிரகரி 1902இல் எழுதிய கூஹுலின் கதையிலிருந்து தொடங்குங்கள். அவர் ஐரிஷ் கற்றுக்கொண்டு எழுதினார்; தம் ஊர்க் குடியானவர்கள் பேசுகிற இங்கிலீஷில் எழுதினார். வாசகருக்குக் கூசும் என்று நினைத்ததைத் தள்ளிவிட்டார், அது குறை. அந்தக் குறையைத் தீர்க்கக் கவி தாமஸ் கின்ஸெல்லாவின் டாயின் மொழிபெயர்ப்பு 1969இல் வந்தது. முரட்டுத்தனம், கொச்சை, சிரிப்பு எல்லாம் அதில் அப்படியே இருக்கின்றன. கிரகரி 1920இல் வெளியிட்ட மேற்கு அயர்லாந்து நம்பிக்கைகள் தொகுதியைக் கடைசியில் படியுங்கள். அதில் கிழவர்களும் கிழவிகளும் 'அவர்கள்' என்று மட்டும் சொல்கிறார்கள். யார் என்று நாம் கேட்க வேண்டியதில்லை.

1999இல் கிளேர் மாவட்டத்தில் நெடுஞ்சாலை போடுகிறபோது குறுக்கே 'அவர்களுடைய' முள்மரம் ஒன்று நின்றது. கதைசொல்லி ஒருவர் வாதாடினார். மரத்தை வெட்டாமல் சாலையை அமைத்தார்கள். நம்பினார்களா என்று கேட்டால் அநேகர் சிரித்திருப்பார்கள். ஆனாலும் வெட்டவில்லை. அந்தச் சிரிப்புக்கும் வெட்டாத கைக்கும் நடுவில்தான் இந்தக் கதைகள் இன்னும் இருக்கின்றன.

வாத்தியாருக்கு இப்போது பதில் எழுத முடியும். கார்டில் முகவரி இருக்கிறது; அவர் இல்லை. பதிலுக்காக அந்தக் கதையை முதல் வரியிலிருந்து மறுபடியும் எழுதிக்கொண்டிருக்கிறேன். தேவலோகம் போய்விட்டது. மேடு என்று எழுதினதும் கதாநாயகன் தானாகவே குனிந்தான்.